கிடைத்தார், தெரிவிக்கவில்லை

ஈஸ்வரமூர்த்தி செம்பாளையம் காவல் நிலையத்துக்குள் நுழைந்தபோது மத்தியானம் மூன்று மணி. கடைவீதியில் பெயிண்ட் கடை வைத்திருப்பவர். ஆயிரத்து நானூறு நிறங்களை நம்பரோடு மனப்பாடமாக வைத்திருக்கிறார் என்று ஊருக்குள் பேர். எந்தச் சுவரைக் கண்டாலும் கண்ணைச் சுருக்கி இரண்டு விநாடி பார்த்துவிட்டு நம்பரைச் சொல்லிவிடுவார். நிலையத்திலும் முதலில் அதைத்தான் செய்தார்.

"இதுக்கு யாருங்க பெயிண்ட் அடிச்சது? நாப்பத்தி ரெண்டுன்னு சொல்லிட்டு நாப்பத்தி நாலை அடிச்சுட்டுப் போயிருக்கான்."

எஸ்.ஐ. கனகவல்லி நிமிர்ந்து பார்த்தார். காணாமல் போனோர் பிரிவில் அவருக்கு இது ஆறாவது வருஷம். காணவில்லை என்று சொல்ல வருகிறவர்கள் நேராக அதைச் சொல்வதில்லை. வெயிலைப் பற்றிப் பேசுவார்கள், பஸ் வராததைப் பற்றிப் பேசுவார்கள். சுவரைப் பற்றிப் பேசியவர் இவர்தான் முதல்.

"உக்காருங்க. யாரைக் காணோம்?"

"எங்க வூட்டுல அவளைக் காணமுங்க. பேரு தவமணி."

"எப்ப இருந்து?"

"இன்னைக்கு மத்தியானத்துல இருந்துங்க. ஒண்ணரை மணிக்குச் சாப்புட வந்தேன். சோறு இல்லீங்க. சோறு எங்கேன்னு கேக்கலாம்னு பாத்தா ஆளும் இல்லீங்க."

"காலையில பாத்தீங்களா?"

ஈஸ்வரமூர்த்தி யோசித்தார். "காலையில பிரிட்ஜுல இட்லி இருந்துச்சுங்க."

"நான் இட்லியைக் கேக்கலீங்க. நேத்து ராத்திரி?"

"பிரிட்ஜுல குழம்பு இருந்துச்சு. நானே சுட வெச்சுக்கிட்டேன். அவ சீக்கிரம் படுத்துட்டான்னு நெனச்சேன்."

பக்கத்து மேஜையில் ரைட்டர் சம்சுதீன் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருந்தார். கடைசியாகப் பார்த்தது: தெரியவில்லை. கடைசியாகக் கிடைத்தது: இட்லி. கனகவல்லி முறைத்ததும் இரண்டாவது வரியை அழித்தார்.

பிறகு எந்திரத்தை முடுக்கினார்கள். அதற்கு அரசாங்கம் வைத்த பெயர் ஒரு முழம் நீளம். நிலையத்தில் எல்லோரும் 'தேடி' என்றார்கள். ஈஸ்வரமூர்த்தி அதை எட்டிப் பார்த்தார். சாதாரணப் பெட்டி. மேலே சம்சுதீனின் டீ டம்ளர்.

"இது எப்படிங்க கண்டுபிடிக்கும்? அவ போட்டோ ஒண்ணுகூட சரியா இல்லீங்களே. எல்லாத்துலயும் பாதி முகந்தான் இருக்கு."

"மூஞ்சி எதுக்குங்ணா?" என்றார் சம்சுதீன். "தெருவுக்குத் தெரு கம்பத்துல கண்ணு வெச்சிருக்குதல்ல, அது நடையைப் பாக்கும். ஒருத்தரு நடக்கற மாதிரி இன்னொருத்தரு நடக்க மாட்டாங்க. முக்காடு போட்டாலும் சரி, மீசை வெச்சாலும் சரி, காலு காட்டிக் குடுத்துரும். உங்க தெருக் கம்பத்துல இருந்து பிடிச்சு, அடுத்த கம்பம், அதுக்கடுத்த கம்பம்னு போயிட்டே இருக்கும். உயிரோட நடமாடற ஆளு தமிழ்நாட்டுல எங்க இருந்தாலும் ஒம்பது நிமிஷம்."

எட்டு நிமிஷத்தில் பெட்டி கூவியது. திரையில் வந்ததை எஸ்.ஐ. மட்டுமே பார்க்க முடியும். கனகவல்லி விரலை வைத்துப் படித்துவிட்டு, அணைத்துவிட்டார்.

"கிடைச்சுட்டாங்க. உயிரோட இருக்காங்க. நல்லா நடக்கறாங்க."

ஈஸ்வரமூர்த்தி எழுந்து நின்றே விட்டார். "எங்கீங்க?"

"அதைச் சொல்ல முடியாதுங்க."

"என்னது?"

"உங்க சம்சாரம் வயசு வந்தவங்க. அவங்களாப் போயிருக்காங்க. போயி அம்பது மணி நேரம் ஆச்சு. ஆமாங்க, நேத்து இல்ல, முந்தா நாளே போயிட்டாங்க. ரெண்டு நாளைக்கு ஆக்கி வெச்சுட்டுத்தான் போயிருக்காங்க போல. கண்டுபிடிக்கறது எங்க வேலை. கண்டுபிடிக்கப்படலாமா வேண்டாமாங்கறது அவங்க இஷ்டம். சட்டம் அப்படி. நான் நேர்ல போயிக் கேப்பேன். சரின்னா உங்களுக்குச் சொல்லுவேன். இல்லைன்னா, 'கிடைத்தார், தெரிவிக்கவில்லை'ன்னு எழுதி வெச்சிருவேன்."

"நான் கட்டுன புருஷனுங்க!"

"அதனாலதான் கேட்டுட்டு வர்றேங்கறேன்," என்றார் கனகவல்லி. "இப்ப ஃபாரத்தை நிரப்பணும்."

"அதான் கிடைச்சுட்டாளே, ஃபாரம் எதுக்கு?"

"எங்களுக்கு இல்லீங்ணா," என்றார் சம்சுதீன். "அவங்க படிக்கறதுக்கு. தன்னை யாரு தேடறாங்க, எப்படித் தேடறாங்கன்னு படிச்சுப் பாத்துட்டுத்தான் அவங்க முடிவு சொல்லணும்."

ஃபாரம் பழைய காலத்தது. கண் வைத்த கம்பங்கள் வருவதற்கு முன்னால் இருந்த அதே கட்டங்கள். வயது என்ற இடத்தில் ஈஸ்வரமூர்த்தி ஐம்பத்திரண்டு என்றார். உயரம் நடுத்தரம். நிறம் மாநிறம்.

கனகவல்லி பேனாவை நிறுத்தினார். "நீங்க பெயிண்ட் கடைக்காரரு. மாநிறம்னா எந்த நம்பருங்க?"

ஈஸ்வரமூர்த்தி வாயைத் திறந்தார். இடது கண்ணைச் சுருக்கினார், வலது கண்ணைச் சுருக்கினார். கல்யாணமான இருபத்தேழு வருஷத்தில் அந்தச் சுவரை மட்டும் அவர் பார்க்கவில்லை போலிருந்தது.

"என்ன கலர் சேலை கட்டியிருந்தாங்க?"

"ஏதோ ஒரு கலருங்க."

"அங்க அடையாளம்? மச்சம், தழும்பு?"

"கழுத்துல தாலி இருக்குமுங்க."

"அது எங்க கழுத்துலயும் இருக்கு."

ஹைதராபாத்தில் இருந்த மகளுக்குப் போன் போட்டார். "அம்மாவுக்கு மச்சம் எங்கம்மா இருக்கு?" "அப்பா, இதை என்கிட்டயா கேக்கறீங்க?" என்று மகள் போனை வைத்துவிட்டாள். கடைசிக் கட்டம் குணம், பழக்கவழக்கம். அதற்கு மட்டும் அவருக்கு உடனே பதில் வந்தது.

"அமைதியானவ. வாயே திறக்க மாட்டா. அப்படியே எழுதிக்கங்க."

காணாமல் போனவர்களைக் கண்டுபிடிப்பது கனகவல்லிக்கு வேலையே இல்லை. கண்டுபிடித்த இடத்தை மனுக் கொடுத்தவர்களிடமிருந்து மறைப்பதுதான் வேலை. எஸ்.ஐ. எங்கே போகிறார் என்று பார்த்தால் போதுமல்லவா? அதனால் குடும்பம் குடும்பமாக அவர் பின்னால் வந்தார்கள். பைக்கில் வந்தார்கள், ஆட்டோவில் வந்தார்கள். ஒரு தடவை கல்யாண வேனில் முப்பது பேர், கட்டுச்சோற்றோடு வந்தார்கள். வடக்கே போக வேண்டுமென்றால் கனகவல்லி தெற்கே கிளம்பி, மூன்று பஸ் மாறிப் போவார். திரும்பி வரும்போது செருப்பைக் கழுவிவிடுவார். செம்மண்ணைப் பார்த்து ஊரைச் சொல்லிவிட்ட மாமியார் ஒருத்தி இருந்தாள்.

மறுநாள் ஈஸ்வரமூர்த்தியும் பின்தொடர்ந்தார். கடை வேனில் வந்தார். அதன் மூன்று பக்கமும் 'ஈஸ்வரமூர்த்தி பெயிண்ட்ஸ், உங்கள் வீடு எங்கள் வண்ணம்' என்று இரண்டடி எழுத்தில் எழுதியிருந்தது. ஆறு கிலோமீட்டர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே போன கனகவல்லி ஒரு டீக்கடை ஓரம் ஸ்கூட்டரை நிறுத்தி, நடந்து வந்து வேன் கதவைத் தட்டினார்.

"இறங்கி வாங்க. டீ குடிக்கலாம்."

ஈஸ்வரமூர்த்தி திருடனைப் போல் இறங்கினார். டீ வந்தது. இரண்டு வாய் குடித்துவிட்டு, "எங்க இருக்கான்னு மட்டும் சொல்லுங்க. நான் தொந்தரவு பண்ற ஆளு இல்லீங்க," என்றார்.

"ஒரு அப்பா இதையேதான் எங்கிட்டச் சொன்னாரு," என்றார் கனகவல்லி. இதை அவர் எல்லோரிடமும் சொல்வதில்லை. "இந்த 'தேடி' எந்திரம் வந்த புதுசு. அப்ப இந்தச் சட்டமெல்லாம் கிடையாது. பத்தொம்பது வயசுப் புள்ளை. அப்பா ஸ்டேஷன்ல உக்காந்து அழுதாரு. பதினோரு நிமிஷத்துல கண்டுபிடிச்சுட்டோம், ஒரு ஹாஸ்டல்ல இருந்துச்சு. நானே போயிக் கூட்டிட்டு வந்தேன். வர்ற வழியெல்லாம், என்னைக் கொண்டுபோயி விட்டுராதீங்கக்கான்னுச்சு. எல்லாப் புள்ளையும் சொல்றதுதானேன்னு நெனச்சேன். எனக்குப் பாராட்டுப் பத்திரம் குடுத்தாங்க. எட்டாவது நாள் அந்தப் புள்ளை உயிரோட இல்லீங்க."

ஈஸ்வரமூர்த்தி டம்ளரைக் கீழே வைத்தார்.

"அந்த மாதிரி இன்னும் ஏழெட்டு ஊர்ல ஆச்சு. அதுக்கப்புறந்தான் சட்டம் வந்துச்சு. நீங்க நல்லவரா இருக்கலாம். எனக்குத் தெரியாது. அதைச் சொல்ல வேண்டியவங்க அங்க இருக்காங்க. வண்டியைத் திருப்புங்க."

அவர் திருப்பினார். கொஞ்ச தூரம் போய் நிறுத்தி, தலையை வெளியே நீட்டி, "ஏனுங்க, உங்க ஸ்கூட்டர் பின்பக்கம் வேற நம்பர் பெயிண்டுங்க, ஏமாத்தியிருக்கான்!" என்று கத்திவிட்டுப் போனார்.

தவமணி இருந்தது ஆத்துமேடு பேருந்து நிலையத்தில். மூன்று பஸ் மாறி, புடவையில் போய் இறங்கிய கனகவல்லி முதலில் கேட்டது ஒரு குரலை. ஒலிபெருக்கியில் வந்தது. ஈரமான, தெளிவான, அவசரமில்லாத குரல். "மூலனூர் வழியாகத் தாராபுரம் செல்லும் பேருந்து மூன்றாவது நடைமேடையில் நிற்கிறது. பெரியவர்கள் மெதுவாக ஏறுங்கள், வண்டி இன்னும் ஐந்து நிமிடம் நிற்கும்." ஒரு கிழவர் ஓடுவதை நிறுத்திவிட்டு, ஒலிபெருக்கியைப் பார்த்துத் தலையாட்டினார்.

நிலையத்தின் நடுவில் கண்ணாடி அறை. உள்ளே ஒல்லியான பெண்மணி ஒருவர் மைக் முன்னால் உட்கார்ந்திருந்தார். கனகவல்லி அடையாள அட்டையைக் காட்டியதும் அவர் பயப்படவில்லை. இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"மூணு நாள்லயே வந்துட்டீங்களே. ஒரு வாரமாவது ஆகும்னு நெனச்சேன்."

"யாராச்சும் மிரட்டி இங்க வெச்சிருக்காங்களா?"

"டைம் கீப்பர் மிரட்டறாருங்க, தண்ணி குடிக்காமப் பேசாதீங்கன்னு."

"உடம்பு நல்லா இருக்கா? எங்க தங்கியிருக்கீங்க?"

"பின்னால லேடீஸ் ஹாஸ்டலுங்க. நல்லா இருக்கேன்." பிறகு அவரே சொன்னார். மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது இங்கே பஸ் மாறினாராம். அப்போது இங்கே எந்திரம்தான் அறிவித்துக்கொண்டிருந்தது. "ஊத்துக்குளின்னு ஒழுங்காச் சொல்லத் தெரியலீங்க அதுக்கு. 'ஊத்து... குளி'ன்னு நிறுத்தி நிறுத்தி அதட்டுது. ஊத்துக்குளிக்காரங்க எல்லாம் நம்மளை இல்லைன்னு உக்காந்தே இருக்காங்க. வண்டி காலியாப் போகுது. எனக்குச் சிரிப்பு தாங்கலை. ஆபீசுக்குப் போயி, இப்படிச் சொல்லணுமுங்கன்னு சொல்லிக் காட்டுனேன். அந்த அய்யா மைக்கைக் கையில குடுத்து, 'நீங்களே ஒருக்கா சொல்லுங்கம்மா'ன்னாரு. சொன்னேன். ஒரு பஸ் நெறையப் பேரு எந்திரிச்சு ஏறுனாங்க." அவர் மைக்கைத் தொட்டுப் பார்த்தார். "நான் சொல்லி இத்தனை பேரு கேட்டது அன்னைக்குத்தாங்க. வேலைக்கு வர்றீங்களான்னு கேட்டாங்க. ரெண்டரை மாசம் யோசிச்சேன்."

"உங்க வூட்டுக்காரரு அடிச்சாரா?"

"ஐயோ, இல்லீங்க. திட்டக்கூட மாட்டாரு. அதுக்கும் பேசணுமல்லங்க."

கனகவல்லி ஃபாரத்தை நீட்டினார். தவமணி கண்ணாடி போட்டுக்கொண்டு, உதடு அசையப் படித்தார். வயது ஐம்பத்திரண்டு என்ற இடத்தில், "எனக்கு நாப்பத்தொம்பது," என்றார். நிறத்தையும் உயரத்தையும் சிரித்துக்கொண்டே கடந்தார். 'அமைதியானவர், வாயே திறக்க மாட்டார்' என்ற வரிக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அப்போது வெள்ளகோவில் வண்டி வந்தது. அவர் மைக்கைத் திறந்து, வழியில் வரும் ஒவ்வொரு ஊர்ப் பெயரையும் சொன்னார். தேவைக்கு மேல் கொஞ்சம் சத்தமாகவே சொன்னதாகக் கனகவல்லிக்குத் தோன்றியது.

ஃபாரத்தின் கடைசியில் ஒரே கேள்வி. 'கண்டுபிடிக்கப்பட்ட விவரத்தை மனுதாரருக்குத் தெரிவிக்கச் சம்மதமா? ஆம். இல்லை.' தவமணி பேனாவை இடது கையில் பிடித்து 'இல்லை'யில் டிக் அடித்தார்.

செய்தியைக் கேட்ட ஈஸ்வரமூர்த்தி எழுந்து வாசல் வரை போய்த் திரும்பி வந்தார். பிறகு, "மறுபடியும் மனு குடுக்கலாங்களா?" என்றார்.

"மொத்தம் மூணு தடவை குடுக்கலாம்."

நிலையத்து வாசலில் மாசிலாமணி என்று ஒருவர் மேஜை போட்டிருந்தார். காணாமல் போனோர் மனு எழுதுவதில் புகழ்பெற்றவர். சட்டம் வந்த நாளிலிருந்து அவருக்குத் தொழில் அமோகம். ஈஸ்வரமூர்த்தியின் இரண்டாவது மனு அவர் கைவண்ணம். அதில் தவமணிக்குப் பிறை போன்ற நெற்றியும் மின்னல் போன்ற இடையும் அன்னம் போன்ற நடையும் இருந்தன. வலக் கன்னத்தில் ஒரு மச்சமும் இருந்தது.

"அன்னம் மாதிரி நடந்தா 'தேடி' கண்டுபிடிச்சிருக்காது மேடம், ஏரியில தேடியிருக்கும்," என்றார் சம்சுதீன். "இதே மனுவைத்தான் போன வாரம் அந்த ரிட்டயர்டு தாசில்தாருக்கும் எழுதியிருந்தாரு. அவருக்கும் மின்னல் இடை."

கனகவல்லி அதையும் எடுத்துக்கொண்டு மூன்று பஸ் மாறிப் போனார். தவமணி படித்துவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மைக் திறந்திருந்தது தெரியாமல் சிரித்துவிட்டதால் நிலையம் முழுக்கச் சிரிப்புக் கேட்டு, காரணம் தெரியாமலே நாலு பேர் சிரித்தார்கள். ஆனால் டிக் விழுந்தது 'இல்லை'யில்தான்.

இந்தத் தடவை ஈஸ்வரமூர்த்தி சண்டை போடவில்லை. "மின்னல் இடைக்கு என்னங்க சொன்னா?" என்று கேட்டார்.

"சிரிச்சாங்க."

"சிரிப்பாளா அவ?" என்றார். உண்மையிலேயே கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் வெளியே போனார். மூன்றாவது மனு வரும் என்று கனகவல்லி காத்திருந்தார். ஒரு வாரம் ஆயிற்று, இரண்டு வாரம் ஆயிற்று. வரவில்லை. கடைவீதிப் பக்கம் போய்வந்த சம்சுதீன்தான் செய்தி கொண்டுவந்தார்.

"பெயிண்ட் கடை அண்ணன் வீடு வீடாப் போயிட்டு இருக்காரு மேடம். கையில பெயிண்ட் கலர் காட்டற ஷேடு கார்டு ஒரு கட்டு. எங்க வூட்டுக்காரிகிட்டயும் வந்து கேட்டிருக்காரு, தவமணி எப்படி இருப்பான்னு. இவளுக்கு ஒண்ணும் புரியலை. 'உங்க சம்சாரந்தானுங்ணா'ன்னாளாம். 'அதான் கேக்கறேன், நீங்க பாத்திருப்பீங்கல்ல'ன்னாராம்."

நான்காவது வாரம் அவரே வந்தார். மெலிந்திருந்தார். கழுத்து கறுத்திருந்தது. கையில் ஷேடு கார்டுக் கட்டு. ஒரு பக்கம் நிறங்கள், மறுபக்கம் முழுக்கக் கிறுக்கல்.

"மனுவை வாபஸ் வாங்கிக்கறனுங்க."

"ஏங்க?"

"கிடைச்சுட்டாங்க."

கனகவல்லி நாற்காலியை முன்னால் இழுத்தார். மூன்று பஸ் மாறியது, செருப்புக் கழுவியது எல்லாம் கண் முன்னால் வந்தது. "யாரு சொன்னாங்க உங்களுக்கு?"

"யாரும் சொல்லலீங்க. விசாரிச்சேன்." கட்டைப் பிரித்து மேஜை மேல் பரப்பினார். "மாவு மில் அக்கா சொன்னாங்க, அவ இடது கைக்காரியாம். எனக்குத் தெரியாதுங்க. பரிமாறும்போது வலது கையிலதானே பரிமாறுவா. எதுத்த வூட்டு ராமசாமி அய்யாவுக்குக் கண்ணு தெரியாது, அவருக்குத் தெனமும் பேப்பர் படிச்சுக் காட்டுவாளாம். ஏழு வருஷமா. விளம்பரங்கூட விடாம. அந்தியூர்ல அவகூடப் படிச்ச அம்மிணி ஒண்ணு இருக்குது. அதுதான் சொல்லுச்சு, காலேஜுல எல்லா விழாவுக்கும் மைக் புடிச்சது இவதானாம். கல்யாணம் ஆன வருஷம் ரேடியோவுல வேலைக்குக் கூப்புட்டாங்களாம்."

"போகலையா?"

"எங்கிட்டக் கேட்டாளாம். 'நீ அங்க போயிட்டா நம்ம கடைப் போனை யாரு எடுக்கறது'ன்னு நான் சொன்னேனாம்." ஈஸ்வரமூர்த்தி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "எனக்கு ஞாபகமே இல்லீங்க. யோசிச்சு யோசிச்சுப் பாக்கறேன், ஞாபகமே வரலை."

சம்சுதீன் தட்டுவதை நிறுத்தியிருந்தார்.

"அப்ப மைக் இருக்கற இடமாத்தான் இருக்கும்னு தோணுச்சுங்க. பதினாறு பஸ் ஸ்டாண்டு, ஆறு ரயில் நிலையம், நாலு ஜவுளிக்கடை. பதினேழாவது பஸ் ஸ்டாண்டுல போயி இறங்குனேன். மேல இருந்து குரல் வந்துச்சு. அவ பேசுனது முன்னப் பின்ன கேட்டாத்தானே தெரியறதுக்கு? ஆனாத் தெரிஞ்சுதுங்க. நாலாவது பெஞ்சுல உக்காந்துட்டேன். ஒண்ணரை மணி நேரம் ஊர்ப் பேராச் சொன்னா. இத்தனை ஊரு இருக்குதுன்னே எனக்குத் தெரியாதுங்க."

"பேசினீங்களா?" கனகவல்லியின் குரல் தேவைக்கு மேல் கடுமையாக இருந்தது.

"இல்லீங்க. அவ பேசிட்டு இருந்தா. குறுக்க பேச வேண்டாம்னு வந்துட்டேன்." கையெழுத்துப் போட்டார். "அந்தப் புள்ளை கதை சொன்னீங்கல்ல. அதுவும் ஞாபகம் வந்துச்சு. இந்தக் கார்டு எல்லாம் மனுவோட இருக்கட்டுங்க. எனக்கு மனப்பாடம் ஆயிருச்சு."

அவர் வெளியே போனதும் கனகவல்லி முதல் வேலையாக ஆத்துமேட்டுக்குப் போன் போட்டார். இவர் நல்லவர் மாதிரித்தான் தெரிகிறார். அந்த அப்பாவும் நல்லவர் மாதிரித்தான் தெரிந்தார்.

"அம்மா, உங்க வூட்டுக்காரருக்கு இடம் தெரிஞ்சுபோச்சு. எங்க தப்பு இல்லை, அவராக் கண்டுபிடிச்சுட்டாரு. வேற ஊருல ஏற்பாடு பண்ணட்டுமா? இன்னைக்கே பண்ணலாம்."

"கொஞ்சம் பாக்கலாங்க," என்றார் தவமணி.

கோப்பை மூட மேலதிகாரியிடமிருந்து கேள்வி மேல் கேள்வி வந்தது. கண்டுபிடித்தது 'தேடி'யா, மனுதாரரா? மனுதாரர் என்றால் எந்தத் தொழில்நுட்பத்தின் மூலம்? கனகவல்லி 'அக்கம்பக்கத்தில் விசாரித்து' என்று எழுதி அனுப்பினார். அப்படி ஒரு முறை துறையின் பட்டியலில் இல்லை என்று திரும்பி வந்தது. பழைய பயிற்சிப் புத்தகத்தைத் தேடி எடுத்து, நாற்பது வருஷத்துக்கு முன்னால் போலீஸ்காரர்கள் அதைத்தான் செய்தார்கள் என்று நகல் எடுத்து இணைத்து அனுப்பினார். ஒப்புதல் வர ஐந்து வாரம் ஆயிற்று.

மனு வாபஸ் ஆனாலும் கோப்பை மூடத் தவமணியின் பதிலும் கையெழுத்தும் வேண்டும். அதை வாங்க அவர் ஆத்துமேட்டுக்குப் போனது ஒரு வெள்ளிக்கிழமை. நேர் பஸ்ஸிலேயே போனார். தவமணி ஷேடு கார்டுகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் படித்தார். வெகுநேரம் படித்தார். நடுவில் இரண்டு பஸ்ஸை அறிவித்தார். ஓர் இடத்தில் மட்டும் பேனாவை எடுத்து, 'பாகற்காய் பிடிக்காது' என்பதை அடித்துவிட்டு, 'பிடிக்கும், அவருக்குத்தான் பிடிக்காது' என்று எழுதினார்.

"அன்னைக்கு அவரு வந்து உக்காந்திருந்தது உங்களுக்குத் தெரியுமாங்க?" என்று கேட்டார் கனகவல்லி.

"தெரியாம எப்படிங்க? சுத்தியும் கண்ணாடி. நாலாவது பெஞ்சு எனக்கு நேர் எதிர்ல. எந்திரிச்சு வந்து கூப்புட்டுருவாரோன்னு பயமா இருந்துச்சு. மைக்கை அணைச்சுட்டுப் பின்வாசல் வழியாப் போயிரலாமான்னு பாத்தேன்." தவமணி கார்டுகளை நேராக அடுக்கினார். "கூப்புடலை. செம்பாளையம் வண்டி மூணு போயிருச்சு, ஆளு ஏறலை. வெயில் பெஞ்சு மேல வந்துருச்சு, நகரவும் இல்லை. கடைசியில நாலாவது வண்டிக்கு, செம்பாளையம் செம்பாளையம் செம்பாளையம்னு மூணு தடவை சொன்னேன். அப்பத்தான் எந்திரிச்சாரு."

"அதோட சரி?"

"எங்கீங்க? அதுக்கப்புறம் கடையை மூடிட்டு வாரா வாரம் வியாழக்கிழமை வந்துர்றாரு. நேத்தும் வந்தாரு. அதே பெஞ்சு. ரெண்டு வாரமா டிபன் பாக்ஸ் கொண்டுவர்றாரு. அவரே ஏதோ செஞ்சிருப்பாரு போல, ஒரு வாய் வெச்சுட்டு மூஞ்சி போற போக்கைப் பாக்கணுமே! எனக்கு அறிவிப்புல சிரிப்பு வந்துரும்னு அந்தப் பக்கம் திரும்பிக்குவேன்."

"இன்னும் பேசலையா ரெண்டு பேரும்?"

"நான் பேசறேனுங்க. அவரு கேக்கறாரு."

கனகவல்லி பையிலிருந்து ஃபாரத்தை எடுத்து, கடைசிக் கேள்வியைத் திருப்பி வைத்தார். தெரிவிக்கச் சம்மதமா? ஆம். இல்லை.

தவமணி இடது கையில் பேனாவைப் பிடித்து 'ஆம்' மேல் கொண்டுபோனார். எடுத்தார். 'இல்லை' மேல் கொண்டுபோனார். எடுத்தார். பிறகு இரண்டுக்கும் நடுவில் இருந்த இடத்தில், சின்ன எழுத்தில், நிதானமாக எழுதினார்.

'வியாழக்கிழமை மட்டும்.'

"இதைக் கம்ப்யூட்டர் ஏத்துக்காதுங்களே," என்றார் கனகவல்லி.

"நல்லா யோசிச்சு வேணா அடுத்த மாசம் மாத்தி எழுதித் தர்றேனுங்க," என்றார் தவமணி. "இப்பக் காங்கேயம் வண்டி வந்துருச்சு." மைக்கைத் திறந்தார்.